ரெண்டு அழகியில் ஒருத்தியைக் காணோம்

"நீங்க எந்தத் தெரு?"

பிரகதீஸ்வரி அதைச் சத்தமாகத்தான் கேட்டாள். அலுவலகம் முழுக்கக் கேட்கட்டும் என்றே கேட்டாள். கோபம் அவள் மூக்கு நுனியில் குடியிருந்தது. வாடகை கொடுக்கிற பழக்கமும் அதற்குக் கிடையாது.

எதிரே நின்ற அரவிந்த்குமார் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பதில் அதன் பின்பக்கத்தில் அச்சாகியிருப்பது போல.

இடம், புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி. பெயர் 'வேலைவாசல்'. படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தங்கள் விவரத்தை இந்த இணையதளத்தில் பதிவார்கள். ஆள் வேண்டும் என்கிற கம்பெனிக்காரர்கள் அதில் தேடி எடுத்துக்கொள்வார்கள். உரிமையாளர் திலகவதி. தேடித் தருகிற சர்வரைப் பார்த்துக்கொள்வது அரவிந்த்குமார். அந்த சர்வருக்குள் போகிற பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்பதுதான் வழக்கு.

காணாமல் போனவர்களில் ஒருத்தி உயிரோடு, உடம்போடு, கதவோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். க. அழகி, பி.எஸ்சி. வேதியியல். பொன்னமராவதிக்கு அந்தப் பக்கம் கருக்காத்தான்பட்டி. 'பதிவு ஏற்கப்பட்டது' என்று அவள் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. தேடினால் ஆள் இல்லை. இன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பால் கம்பெனி தன் பரிசோதனைக்கூடத்துக்கு ஆள் தேடி முடிக்கிறது. அந்த நேரத்துத் தேடலில் யார் வருகிறார்களோ அவர்களுக்கு நேர்காணல். வராதவர்கள் மாடு மேய்க்கலாம்; பாலுக்கும் மாட்டுக்கும் அவ்வளவுதான் தூரம்.

அழகி காலையில் வந்து போட்ட சத்தத்தில்தான் திலகவதி பயந்துபோய் பிரகதீஸ்வரியைக் கூப்பிட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள் நடக்கும் களவைத் துப்பறிவதில் பிரகதீஸ்வரிக்கு ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. வாய்க்கும் ஒரு பெயர் உண்டு.

"அதை எதுக்குங்க கேக்குறீங்க?" என்றான் அரவிந்த்குமார் கடைசியில்.

"காரணம் இருக்கு. இந்தப் புள்ளையோட சேந்து பதிஞ்சதுல நாலஞ்சு பேரக் காணோம். அத்தனையும் காலனிப் புள்ளைங்க. சர்வருக்கு என்ன செய்யணும்னு சொல்லுற கான்ஃபிக் கோப்புல கடைசியாக் கை வச்சது நீங்க. புதுசா ஒரு படி சொருகி, அதுக்கு 'சுத்தம்'னு பேரு வேற வச்சிருக்கீங்க. காலனிப் புள்ளைகளக் கூட்டித் தள்ளுனா சுத்தமா? அதான் கேக்குறேன். இம்புட்டு வன்மம் எந்தத் தெருவுல வெளையுது?"

"பிரகா, மெதுவா," என்று பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. குணசேகரன். அவளுடைய உதவியாளன். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இன்ஜினீயரிங் சேர்ந்தவர்கள். அவள் பட்டத்தோடு வெளியே வந்தாள், அவன் அரியரோடு வந்தான். 'நீ ஒங்க வீட்டுல மொதப் பட்டதாரி, நான் எங்க வீட்டுல கடைசி நம்பிக்கை' என்று தானே சொல்லிக்கொள்வான்.

"நீ சும்மா இருடா."

அரவிந்த்குமார் அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான். பதில் சொல்ல முடியாதவன் குற்றவாளி என்பது பிரகதீஸ்வரியின் கட்சி.

"அஞ்சு மணிக்குள்ள ஆதாரத்தோட குடுங்க. இவன இன்னிக்கே அனுப்பிடுறேன்," என்றார் திலகவதி.

*

பழைய பேருந்து நிலையத்துப் பேக்கரியில் மின்விசிறிக்கு நேர் கீழே மேசை கிடைத்தது. மடிக்கணினியைத் திறந்தாள். சர்வருக்குள் போகத் திலகவதி கொடுத்த அனுமதி கையில் இருந்தது.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு," என்றான் குணா, பப்ஸை உடைத்தபடி. "ஒரு புள்ள பதியுது. அப்புறம்?"

"விண்ணப்பம் நேராக் கிடங்குக்குப் போயிடாதுடா. நெல்லு மில்லுக்குள்ள போற மாதிரி படிப்படியாப் போகும். ஒரு படி தேவையில்லாத இடைவெளியத் தட்டிவிடும். ஒண்ணு காலியா விட்ட கட்டத்தத் தூக்கிடும். இன்னொண்ணு, ஒரே ஆளு அஞ்சு தடவை பதிஞ்சிருந்தா பழசத் தள்ளிட்டுக் கடைசியா வந்தத மட்டும் வச்சுக்கும். அதுக்குப் பிறகுதான் எழுதி வைக்கும். எழுதினதுதான் தேடுனா வரும்."

"ஒரே ஆளுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? மச்சம் பாக்குமா?"

"பேரு, இன்ஷியல், முகவரி. மூணும் ஒத்துப்போனா ஒரே ஆளு."

"போன் நம்பர வச்சுப் பாக்கலாம்ல?"

"ஒங்க வீட்டுல எத்தனை பேருக்கு ஒரே நம்பரு? நீ எத்தனை சிம்மு மாத்திருக்க?"

குணா பப்ஸை வாய்க்குள் தள்ளி, பதிலையும் அதோடு சேர்த்து விழுங்கினான்.

"இந்த வரிசைக்கு நடுவுலதான் அவன் 'சுத்தம்'ங்கிறதச் சொருகியிருக்கான். உள்ள என்ன செய்யுதுன்னு பாக்க முடியாது, பூட்டி வச்சிருக்கான். அதனால நெல்ல உள்ள போடுவோம். என்ன வருதுன்னு பாப்போம்."

"நெல்லு யாரு?"

"நீதான்."

பிரகதீஸ்வரி தட்டினாள். ம. குணசேகரன், பி.எஸ்சி. வேதியியல், காலனி, கருக்காத்தான்பட்டி.

"டிகிரி குடுத்துட்டியா!" குணா நெஞ்சில் கை வைத்தான். "எங்கம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லவா?"

"இப்ப நீ காணாமப் போவே. அதோட அவன் கதை முடிஞ்சுது."

தேடினாள். குணசேகரன் வந்தான். சிரித்த முகமாக, முதல் வரியிலேயே வந்தான்.

அவள் புருவம் சுருங்கியது. காலனிக்காரர்களை அந்தப் படி கூட்டித் தள்ளுகிறது என்றால், காலனிக்காரனாகப் போன இவன் எப்படி உள்ளே உட்கார்ந்திருக்கிறான்?

"ஒன் கட்சி படுத்துருச்சு பிரகா."

"இரு." திரையைக் கிட்டத்தில் இழுத்தாள். "முகவரியப் படி."

"கருக்காத்தான்பட்டி."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் இல்ல."

"காலனின்னு அடிச்சேன்ல? எங்கே போச்சு?"

அவள் இன்னொரு முறை பதிந்தாள். அதே ம. குணசேகரன், அதே ஊர். இந்த முறை 'வடக்குத் தெரு' என்று போட்டாள். தேடினாள். மறுபடி ஒரே ஒரு குணசேகரன். இவனுக்கும் தெரு இல்லை. முதலில் வந்தவன் போன இடம் தெரியவில்லை.

"என்னைக் கொன்னுட்டு நானே வந்து உக்காந்திருக்கேன்," என்றான் குணா. "இதுக்கு என்ன செக்சன் போடுவாங்க?"

பிரகதீஸ்வரி போனை எடுத்து அலுவலகத்தில் காத்திருந்த அழகியைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, ஒங்க ஊருல ஒன் பேருல வேற யாரும் இருக்காங்களா?"

"நல்லாக் கேட்டீங்க!" அழகி சிரித்துவிட்டாள். "எங்க ஊருச் சாமி அழகியம்மனுங்க. தலைப்பொண்ணுக்கு அழகின்னுதான் பேரு வப்பாக. காலனியிலயும் அப்படித்தான், ஊருக்குள்ளயும் அப்படித்தான். எங்கள அந்தக் கோயிலுக்குள்ள விட மாட்டாக. பேர மட்டும் அவுகளால தடுக்க முடியல."

"அவங்கள்ல க. அழகி?"

"ஒருத்தி இருக்கா. வடக்குத் தெரு கண்ணுசாமி மக. எங்கப்பா கருப்பையா. ரெண்டுக்கும் 'க'தான். அவளும் எங்கூட அதே காலேசு."

"அவ எப்பப் பதிஞ்சா?"

"நாங்க பொங்கல் லீவுல எங்க சமுதாயக் கூடத்துல மொத்தமா உக்காந்து பதிஞ்சோம். அந்தப் பக்கத்துப் புள்ளைக நாங்க பதிஞ்சதக் கேள்விப்பட்டு, மாசிக்கு மேலதான் பதிஞ்சாக."

போனை வைத்தாள். இப்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அரவிந்த்குமாரின் 'சுத்தம்' யாரையும் தூக்கி எறியவில்லை. அது எல்லோருடைய தெருவையும் உரித்துவிடுகிறது. தெரு போய்விட்டால் கருக்காத்தான்பட்டி க. அழகியும் கருக்காத்தான்பட்டி க. அழகியும் ஒரே ஆள். அடுத்த படி, ஒரே ஆள் மறுபடி பதிகிறாள் என்று நம்பி, முதலில் வந்தவளைத் தள்ளிவிட்டுக் கடைசியில் வந்தவளை வைத்துக்கொள்கிறது. முந்தி வந்ததெல்லாம் காலனிப் பிள்ளைகள். அதனால் போனதும் அவர்கள்தான்.

ஒரு கிணற்றில், ஒரு சாமி முன்னால், ஒரு சுடுகாட்டில்கூடச் சேராத இரண்டு குடும்பத்தை இந்த சர்வர் ஒரே வரியில் சேர்த்து வைத்திருக்கிறது. சேர்த்த கையோடு ஒருத்தியை அழித்தும் இருக்கிறது.

"அவிக்கிறதுக்கு முன்னாடியே அரைச்சுட்டான்," என்றாள். "ரெண்டு பேருன்னு பிரிச்சுப் பாத்த பிற்பாடு தெருவ உரிச்சிருந்தா ஒரு குத்தமும் இல்ல. வரிசை தப்பிப் போச்சு."

"சரி, வன்மம் இல்ல. அப்ப எதுக்கு உரிச்சான்? பொழுது போகலையா?"

அதுதான் கேள்வி. எல்லோருடைய தெருவும் மறைவதால் யாருக்கு லாபம்? பிரகதீஸ்வரி சர்வரில் இன்னோர் அறையைத் திறந்தாள். கம்பெனிக்காரர்கள் என்னென்ன சொல் போட்டுத் தேடினார்கள் என்று அது எழுதி வைத்திருக்கும். பொங்கலுக்கு முன்பு அரவிந்த்குமார் கோப்பில் கை வைத்த நாளுக்கு முந்தைய நாளுக்குப் போனாள். பால் கம்பெனியின் தேடல் அங்கே இருந்தது.

வேதியியல், பொன்னமராவதி, மைனஸ் காலனி.

இந்த சர்வரில் ஒரு சொல்லுக்கு முன்னால் மைனஸ் போட்டால், அந்தச் சொல் உள்ள யாரும் வரமாட்டார்கள்.

குணா எட்டிப் பார்த்தான். "மைனஸ் மார்க்கு பரீட்சையில மட்டுந்தான்னு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

பிரகதீஸ்வரி கீழே இறக்கிக்கொண்டே போனாள். இன்னொரு கம்பெனி, இன்னொரு மைனஸ். ஒரு துணிக்கடை 'காலனி'யோடு நிற்காமல் நாலைந்து குடியிருப்புப் பெயர்களையும் வரிசையாகப் போட்டுக் கழித்திருந்தது. அரவிந்த்குமார் இதைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாதபடி தெருவையே எடுத்துவிட்டிருக்கிறான்.

இதைப் பார்த்து வயிறு எரிகிறவன் எந்தத் தெருக்காரனாக இருப்பான் என்று துப்பறியத் தேவையில்லை. அந்தக் கேள்விக்குத்தான் காலையில் அவன் பதில் சொல்லாமல் நின்றான்.

பிரகதீஸ்வரிக்குக் காதுமடல் சுட்டது. அவளிடமும் அதைக் கேட்டிருக்கிறார்கள். விடுதி வார்டன் கேட்டாள். மாடி வீடு வாடகைக்குப் பார்க்கப் போனபோது வீட்டுக்காரம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முதல் நேர்காணலில் ஒருவர், தண்ணீர் நீட்டிக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில் கேட்டார். எல்லோரும் குரலைத் தணித்துத்தான் கேட்டார்கள். இத்தனை பேருக்கு நடுவில், இவ்வளவு சத்தமாக, யாரும் கேட்டதில்லை.

"எந்திரி," என்றாள்.

"டீ வரல."

"எந்திரிடா."

*

அரவிந்த்குமார் பாத்திரக் கடைக்குப் பக்கவாட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு. வீட்டுக்குப் போனால் ஏன் சீக்கிரம் வந்தாய் என்று கேட்பார்கள் போல.

"எல்லாரோட தெருவையும் ஏன் எடுத்தீங்க? காலனிய மட்டும் எடுத்திருக்கலாமே?" என்று அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

"காலனிய மட்டும் எடுத்தா, எவனுக்குத் தெரு இல்லையோ அவன்தான் காலனின்னு கண்டுபிடிச்சிருவாங்கங்க."

குணா அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

பிரகதீஸ்வரி நடந்ததைச் சொன்னாள். இரண்டு அழகிகள், ஒரே வரி, முன்னால் வந்தவள் போனது. சொல்லச் சொல்ல அவன் முகம் இறங்கியது. காலையில் அவள் திட்டியபோதுகூட அவன் அப்படி ஆகவில்லை.

"அப்ப அந்தப் புள்ளைகள அழிச்சது நான்தானா?"

"படி ஒரு எடம் தள்ளி விழுந்திருச்சு. அவ்வளவுதான்."

"நான்தானே சொருகுனேன்." பையின் வாரைக் கையில் சுற்றினான். "நல்லது செஞ்சிருக்கோம்னு மூணு மாசமா நிம்மதியாத் தூங்குனேன்."

"காலையில நான் கேட்டது..."

"கேட்டுட்டீங்க. விடுங்க."

விடுங்க என்று அவன் சொன்ன விதத்தில் எதுவும் விடப்படவில்லை.

"மேல வந்து நீங்களே சரி பண்ணுங்க. காரணத்த நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா நான் திருடன். சொன்னா..." அவன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிவிட்டான். "நேரமாச்சு. அந்தப் புள்ள பேரு அஞ்சு மணிக்குள்ள தேடல்ல வரணும்ல? வாங்க."

*

"ஏன் செஞ்சான்?" திலகவதி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

அரவிந்த்குமார் தலையசைத்த பிறகு பிரகதீஸ்வரி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். மைனஸ்கள் வரிசையாக நின்றன.

திலகவதி படித்தார். அதிர்ச்சியை எதிர்பார்த்த பிரகதீஸ்வரிக்கு அந்த முகத்தில் அது கிடைக்கவில்லை. அங்கே இருந்தது வேறு. அலமாரியில் ஒளித்து வைத்த பொருளைப் பிறர் எடுத்துக் காட்டும்போது வருகிற முகம்.

"மேடம், இது ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

அலுவலகத்தில் விசைப்பலகைகளின் சத்தம் நின்றது.

"வேண்டாததக் கழிக்க வழி இருக்கான்னு அந்தக் கம்பெனியில கேட்டாங்க," என்றார் திலகவதி, மேசையைப் பார்த்துக்கொண்டு. "மைனஸ் போடுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். என்ன வார்த்தையக் கழிக்கப் போறீங்கன்னு நான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அவங்க சொல்லிருவாங்களே."

பிரகதீஸ்வரி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலையாக இருந்தால் கிழித்திருப்பாள். காலையில் வாய் திறந்த லட்சணம் நினைவுக்கு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"சரி," திலகவதி அரவிந்த்குமார் பக்கம் திரும்பினார். "அவங்க கழிக்கிறாங்க, விடு. ஒனக்கு என்னப்பா அக்கறை? நீ என்ன..."

பாதியில் நிறுத்தினார். நிறுத்தியதால் மீதியும் எல்லோருக்கும் கேட்டது.

"நானும் காலனிதாங்க," என்றான் அரவிந்த்குமார். "குளத்தூர்ப் பக்கம்."

மூலையில் ஒருவர் அவசரமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை.

அரவிந்த்குமார் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். கோப்பைத் திறந்து 'சுத்தம்' என்கிற படியை வெட்டி எடுத்தான். ஒரே ஆளா என்று பார்க்கிற படிக்குக் கீழே, எழுதி வைக்கிற படிக்கு மேலே ஒட்டினான். பிள்ளைகள் முதலில் அனுப்பிய விண்ணப்பங்கள் தெருவோடு தனியாகப் பத்திரமாக இருந்தன. அத்தனையையும் மறுபடி முதல் படியிலிருந்து உள்ளே விட்டான்.

சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது.

"பொன்னமராவதி டவுன் பஸ் மாதிரி போகுதே," என்று குணா முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

கோடு முடிந்தது. பிரகதீஸ்வரி தேடினாள்.

க. அழகி, கருக்காத்தான்பட்டி.
க. அழகி, கருக்காத்தான்பட்டி.

ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பேர், இரண்டு புகைப்படம். கதவோரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து, மேலே இருக்கிறவள் தான்தான் என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் அவள் கையில் போன் அதிர்ந்தது. பால் கம்பெனி. திங்கட்கிழமை நேர்காணல்.

திலகவதி மூச்சு விட்டார். "பாத்தியாம்மா? சரியாப் போச்சு. சந்தோசமா?"

அழகி செய்தியை இரண்டு தடவை படித்தாள். போனைச் சுடிதார்ப் பையில் போட்டாள். பிறகு அரவிந்த்குமாரைப் பார்த்தாள்.

"அண்ணே, என் முகவரியில தெருவக் காணோமே."

"அது... நான்தான் எடுத்தேன்மா. ஒங்களுக்காகத்தான்."

"நல்லதுக்குத்தான் எடுத்திருக்கீக, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எடுக்கலாமான்னு என்னைய யாரு கேட்டா?"

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். பிரகதீஸ்வரி நாள் முழுக்க இந்தப் பெண்ணுக்காகச் சண்டை போட்டிருக்கிறாள், ஓடியிருக்கிறாள். கேட்கிற தொழிலில் இருக்கிறவள், அவளிடம் கேட்டது இன்னொரு அழகியைப் பற்றி மட்டும்தான்.

"போடுங்க," என்றாள் அழகி. "காலனி, ரெண்டாவது தெரு."

"இப்ப போடாதம்மா!" திலகவதி பதறினார். "திங்கக்கெழம அவங்க எடுத்துப் பாப்பாங்க."

"பாக்கட்டும். கூப்பிட்டது கூப்பிட்டாச்சுல்ல? எந்தத் தெருன்னு அங்க எவனாச்சும் கேட்டா நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கணும். எழுதியே இருந்தா, அவன் கேக்கத் தேவையில்ல. நான் குனியத் தேவையில்ல."

அரவிந்த்குமார் விசைப்பலகையை இழுத்தான். அடிக்கப் போனவன் நிறுத்தினான்.

"சும்மா அடிச்சா நிக்காதும்மா. அந்தப் படி இன்னும் உள்ளதான் இருக்கு, மறுபடி உரிச்சிரும். மொத்தமா எடுத்துரவா? எல்லாருக்கும்?"

"எனக்கு மட்டும். மத்தவுகள அவுகவுகளக் கேளுங்க."

அவன் கோப்பை மறுபடி திறந்தான். 'சுத்தம்' என்ற பெயருக்குக் கீழே, சம்மதம் சொன்னவர்களுடைய தெருவை மட்டும் உரி என்று ஒரு நிபந்தனையை எழுதத் தொடங்கினான். இரண்டு முறை அடித்து, இரண்டு முறை அழித்தான்.

பிரகதீஸ்வரி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் திரும்பவில்லை.

"யாரு யாரக் கேக்கணும்னு பேரச் சொல்லுங்க," என்றாள், போனை எடுத்துக்கொண்டு. "நான் மெதுவாக் கேக்குறேன்."